கொடைக்கானல் காளானும் மனச்சோர்வும்

சில மாதங்களுக்கு முன் செகந்திராபாத்தில் என் கடைக்கு நம்மூர்ப் பையன் ஒருவன் வந்தான். கம்ப்யூட்டர் வேலை, நல்ல சம்பளம். "மாமா, கொடைக்கானல் காளான் சாப்பிட்டா மனச்சோர்வு போயிடுமாமே, நிஜமா?" என்றான். சமணனான நான் காளானைத் தொட்டதே இல்லை. "என்கிட்டயா கேக்கற?" என்று சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. இரண்டு வருடமாக மாத்திரை சாப்பிட்டும் தூக்கமில்லையாம். நான் டாக்டர் இல்லை, வியாபாரி. ஆனாலும் அவனுக்காகத் தேடிப் படித்ததை இங்கே எழுதுகிறேன்.

கொடைக்கானல் பக்கம் முளைக்கும் போதைக் காளானில் இருக்கும் சரக்கு சைலோசைபின். இதை 1958இல் ஸ்விட்சர்லாந்து விஞ்ஞானி ஆல்பர்ட் ஹாஃப்மன், மெக்சிகோ காளானிலிருந்து பிரித்தெடுத்தார். சாப்பிட்டால் ஐந்தாறு மணி நேரம் பார்வையும் நேர உணர்வும் மாறிப்போகும். மனச்சோர்வில் மனம் ஒரே நினைப்பைச் செக்குமாடு மாதிரி சுற்றுகிறது அல்லவா? அந்தத் தடத்தை இது கொஞ்சம் தளர்த்துகிறது என்பது ஆராய்ச்சியாளர்களின் கருத்து.

2022இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வேறு மருந்துகளால் குணமாகாத 233 பேர் கலந்துகொண்டார்கள். 25 மில்லிகிராம் ஒரே வேளை பெற்றவர்களில் 29 சதவீதம் பேருக்கு மூன்றாவது வாரத்தில் நோய் ஏறக்குறைய விலகியிருந்தது. வெறும் 1 மில்லிகிராம் பெற்றவர்களில் இது 8 சதவீதம்தான். நல்ல பலன்தான், ஆனால் பத்தில் ஏழு பேருக்கு அப்படி விலகவில்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொன்று முக்கியம். அங்கே மருந்தை மட்டும் கொடுத்து அனுப்பிவிடவில்லை. முன்கூட்டியே பேசி மனதைத் தயார் செய்தார்கள். மருந்து வேலை செய்யும்போது பயிற்சி பெற்றவர் பக்கத்திலேயே இருந்தார். பிறகும் உட்கார்ந்து பேசினார்கள். மனப்பிளவு நோய்க்கு இடமுள்ளவர்களை இத்தகைய ஆய்வுகளில் சேர்ப்பதில்லை.

ஆஸ்திரேலியா 2023 ஜூலை முதல், அனுமதி பெற்ற மனநல மருத்துவர்கள் சைலோசைபினை மனச்சோர்வுக்கும், எம்.டி.எம்.ஏ. என்ற மருந்தை மன அதிர்ச்சி நோய்க்கும் தர வழி செய்தது. அதே எம்.டி.எம்.ஏ.வுக்கு, சான்று போதாது என்று 2024 ஆகஸ்டில் அமெரிக்கா அனுமதி மறுத்தது. நம் நாட்டில் இவை இரண்டும் 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்துக்குள் வருகின்றன. ஆபரேஷனுக்கு மயக்கம் கொடுக்கும் கெட்டமின் மட்டும், தீராத மனச்சோர்வுக்கு டாக்டர் கண்காணிப்பில் சில ஆஸ்பத்திரிகளில் தரப்படுகிறது.

பையனிடம் சொன்னேன்: "எடையும் தரமும் தெரியாத சரக்கை எந்த வியாபாரியும் வாங்கமாட்டான். மலையில பறிக்கிற காளான்ல மருந்து எவ்வளவு, எது விஷம்னு யாருக்குத் தெரியும்? மாத்திரையையும் நீயா நிறுத்தாதே." மறுநாள் அவனை நானே மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனேன். மருந்தை மாற்றிக் கொடுத்தார். இப்போது ஓரளவு தூங்குகிறான்; சிகிச்சை தொடர்கிறது.

பெற்றோர்களே, பிள்ளை இப்படிக் கேட்டால் "போதையா!" என்று சீறிவிடாதீர்கள். அதற்குள்ளே ஒரு வலி இருக்கும். ஹைதராபாத் எர்ரகட்டாவில் அரசு மனநல மருத்துவமனை இருக்கிறது. 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும், தமிழிலும் பேசலாம். முதலில் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேளுங்கள்.