‘வீ’ என்னும் சிறு சொல்

உருவிற் சிறியது, பொருளிலும் சிறுமையையே குறிப்பது, ‘வீ’ என்னும் ஆங்கிலச் சொல். ஸ்கொத்லாந்து மக்கள் குழந்தையையும் குட்டியையும் இன்றும் இவ்வடைமொழி கூட்டியே அன்புடன் கூறுவர். றொபேட் பேர்ண்ஸ் என்னும் கவிஞர் 1785இல், தாம் உழுகையிற் குலைந்த வளையினின்றும் வெளிப்பட்ட சுண்டெலிக்கு இரங்கிப் பாடிய பாட்டு இச்சொல்லுடனேயே தொடங்குகின்றது.

பல ஆண்டுகளுக்கு முன் எம் வகுப்பில் மாணவனொருவன் இச்சொல்லின் பிறப்பை வினவினான். உதிரும் மலரை உணர்த்தும் தமிழ் ‘வீ’யே கடல் கடந்து சென்றதென விடையிறுத்தோம். வகுப்பு மகிழ்ந்தது, யாமும் மகிழ்ந்தோம். ஆயினும் அது பிழை. அன்று அவ்விடையை ஏட்டில் எழுதிக்கொண்டோர் இன்று இவ்விழா மலரைப் படிக்கக்கூடும். ஆதலின் ஈண்டுத் திருத்துகின்றோம்.

பழைய ஆங்கிலத்தில் ‘வேயெ’ என்பதற்கு அணித்தாக ஒலித்த சொல்லொன்று நிறையைக் குறித்தது. பிற்காலத்தே இங்கிலாந்தின் வடபாலாரும் ஸ்கொத்லாந்தினரும் அதனை ‘வெய்’ எனத் திரித்து, ‘சிறு’ என்னும் அடையொடு சேர்த்து, ‘ஒரு சிறு நிறை’ என வழங்கினர். நாளடைவில் அடையின் பொருளைத் தானே ஏற்றுக்கொண்ட அச்சொல், 15ஆம் நூற்றாண்டளவில் சிறுமையையே உணர்த்தலாயிற்று. அதன் மற்றொரு வடிவமோ கம்பளி நிறுக்கும் அளவாகி, 182 இறாத்தலைக் குறித்தது! ஒரு வயிற்றில் எறும்பும் யானையும் பிறந்தவாறு காண்க.

நிறையைக் குறித்த அச்சொல்லின் வேர், முதலிற் சுமந்து செல்லுதலை உணர்த்திற்று. வடமொழியில் ‘வஹ்’ என நிற்பதும் அவ்வேரே. அதனடியாகப் பிறந்த ‘வாகனம்’ என்னுஞ் சொல்லைத் தமிழும் ஏற்றது. எனவே, பேர்ண்ஸ் தம் எலிக்குச் சூட்டிய அடைமொழியும், பிள்ளையாரைச் சுமக்கும் எலிக்கு நாம் வழங்கும் ‘வாகனம்’ என்னும் பெயரும் ஒரு வேரின் கிளைகளாம். வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்தினின்றுந் தோன்றியிருத்தல் வேண்டுமெனச் சேர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் உரைத்தது 1786இல். பேர்ண்ஸின் அப்பாட்டு நூலேறியதும் அவ்வாண்டே.

ஒலியொற்றுமை ஒன்றே சொல்லுறவுக்குச் சான்றாகாது. பழைய வழக்கும், ஒலி திரிந்த முறையும், பொருள் மாறிய வழியும் ஒருங்கே பொருந்துதல் வேண்டும். தமிழின் பெருமை நிலைபெறப் பொய்ச்சான்று வேண்டுவதில்லை. அன்று வினவிய மாணவன் எங்கிருப்பினும், தன் ஏட்டைத் திருத்திக்கொள்வானாக.