ஸ்ரியறிங் எப்போது நடுங்குகிறது?

மார்ச் மாதக் கடைசியில் ஒன்ராறியோவின் ஸ்ரௌவ்வில் நகர வீதிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பகலில் உருகும் பனி தாருக்குள் இறங்கி, இரவில் உறைந்து வீங்கி, வீதியைப் பிளந்து குழியாக்கிவிடும். அந்தக் குழிகளில் இரண்டு மூன்றில் இறங்கி எழும்பி, 404ஆம் நெடுஞ்சாலையில் ஏறி, வேகம் 100ஐத் தொடும்போது கைக்குள் ஒரு நடுக்கம் தொடங்கும். பென்ஸோ பிஎம்டபிள்யூவோ லெக்ஸஸோ, அலுங்காமல் போகவேண்டும் என்பதற்காகவே அவ்வளவு பணம் கொடுத்து வாங்கிய கார் அது. கராஜுக்குப் போனால் ஒருவர் பலன்ஸ் செய்கிறார், இன்னொருவர் பிறேக் தட்டை மாற்றுகிறார், மூன்றாமவர் முன்பக்க ஆர்ம் எல்லாம் போய்விட்டது என்கிறார். பல நூறு டொலர் போன பிறகும் நடுக்கம் அப்படியே இருக்கும்.

இப்படிப் பணம் போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான். “ஸ்ரியறிங் நடுங்குது” என்று மட்டும் சொல்லிவிட்டுச் சாவியைக் கொடுத்துவிடுகிறோம். எப்போது நடுங்குகிறது என்பதில்தான் பாதி விடை இருக்கிறது. எந்த வேகத்தில் தொடங்குகிறது, எந்த வேகத்தில் அடங்குகிறது, பிறேக் மிதித்தால் மட்டும் வருகிறதா, கையில் தெரிகிறதா இருக்கையில் தெரிகிறதா என்பதை நீங்கள்தான் கவனித்துச் சொல்லவேண்டும். கராஜ்காரர் பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பதைவிட நாள்தோறும் ஓட்டும் உங்கள் கைக்கு அது நன்றாகத் தெரியும்.

80 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் தொடங்கி, 100, 110இல் கூடி, அதன் பின் சற்றுக் குறைகிறது என்றால் முதலில் சந்தேகப்படவேண்டியது சில்லின் பலன்ஸ். கணக்கைப் பாருங்கள். சாதாரணக் கார்ச் சில்லு 100 கிலோமீற்றர் வேகத்தில் ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 13 தடவை சுற்றும். றிம்மின் ஓரத்தில் 30 கிராம் பாரம் ஒரு பக்கமாகக் கூடியிருந்தால், அந்த வேகத்தில் அது ஏறத்தாழ 5 கிலோ எடைக்குச் சமமான விசையோடு, விநாடிக்கு 13 தடவை சில்லை இழுத்து உதறும். வேகம் பாதியானால் அந்த விசை நாலில் ஒன்றாகிவிடும். அதனால்தான் ஊருக்குள் 50இல் ஓடும்போது எதுவும் தெரிவதில்லை. பலன்ஸுக்காக றிம்மின் உட்பக்கம் ஒட்டியிருக்கும் சிறு ஈயக்கட்டி போன்ற பாரங்கள் உப்பிலும் கழுவலிலும் கழன்று விழுவது இங்கே சர்வசாதாரணம்.

முன்சில்லின் கோளாறு பெரும்பாலும் கையில் தெரியும், பின்சில்லின் கோளாறு இருக்கையிலும் தரையிலும் தெரியும். முற்றுமுடிவான விதியில்லை என்றாலும், எங்கே தேடத் தொடங்கலாம் என்று இது காட்டிவிடும்.

கனடாவில் இன்னொரு காரணமும் உண்டு, அதற்கு ஒரு சதமும் செலவில்லை. பெரும்பனி கொட்டிய மறுநாள் காலை கார் திடீரென்று பயங்கரமாக நடுங்கினால், கராஜுக்கு ஓடாதீர்கள். றிம்முக்குள் பனி அப்பி உறைந்திருக்கும். ஒரு பக்கத்தில் மட்டும் கட்டியாக நிற்கும் அந்தப் பனி, மேலே சொன்ன 30 கிராமைப் போல் பல மடங்கு கனமானது. தட்டி எடுங்கள், அல்லது வெந்நீர் உள்ள கார்க் கழுவுமிடத்தில் சில்லின் உட்பக்கத்தைக் கழுவுங்கள்.

குளிர் இரவில் நின்ற கார் காலையில் முதல் பத்து நிமிடம் மட்டும் குலுங்கி, பிறகு தானாகச் சரியாவதும் உண்டு. நிலத்தில் அழுந்திய இடத்தில் ரயர் தட்டையாகி, ஓடிச் சூடானதும் வட்டமாகிறது. ஆனால் காரை நிறுத்திவிட்டு மூன்று நான்கு மாதம் யாழ்ப்பாணம் போய் வருபவர்களுக்கு அந்தத் தட்டை நிரந்தரமாகிவிடலாம். போகுமுன் காற்றைச் சற்றுக் கூட்டிவிட்டு, இடையிடையே யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் போவது நல்லது.

விலையுயர்ந்த கார்கள் ஏன் இதில் அதிகம் அகப்படுகின்றன? 20, 21 அங்குல றிம்மும் அதைச் சுற்றி மெல்லிய விளிம்புள்ள ரயரும் அழகுதான். ஆனால் குழியில் விழும்போது அடியைத் தாங்கும் இறப்பர் அங்கே குறைவு. அடி நேரே அலுமினிய றிம்மில் இறங்குகிறது. றிம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளைந்தாலே போதும். 1989இல் லெக்ஸஸ் எல்எஸ் 400 அறிமுகமானபோது, உருளைகளின்மேல் ஓடும் காரின் முன்மூடியில் ஷம்பெய்ன் கோப்பைகளைக் கோபுரமாக அடுக்கி, வேகத்தைக் கூட்டியும் அவை சரியாததைத் தொலைக்காட்சி விளம்பரத்தில் காட்டினார்கள். இந்த வகைக் கார் வாங்குபவர் எதிர்பார்ப்பது அந்த அமைதியைத்தான். சின்னக் காரில் கவனிக்காமல் விடும் நடுக்கம் இங்கே உறுத்துவதும் அதனால்தான்.

நவம்பரில் வின்ரர் ரயர் மாற்றிய பிறகுதான் நடுக்கம் தொடங்கியது என்று உங்களுக்கு நினைவிருந்தால், தேடவேண்டிய இடம் மிகவும் சுருங்கிவிடும். பாவித்த றிம் நாலை மலிவாக வாங்கிப் பூட்டுவது நம்மிடையே நிறைய நடக்கிறது. அதில் தப்பில்லை. ஆனால் றிம்மின் நடுத்துளை, காரில் சில்லு பூட்டும் ஹப்புக்குச் சரியாகப் பொருந்தவேண்டும். பென்ஸுக்கு அது 66.6 மில்லிமீற்றர். பழைய பிஎம்டபிள்யூக்கள் பலவற்றுக்கு 72.6, அண்மைக்கால பிஎம்டபிள்யூ பலவற்றுக்கு 66.6. லெக்ஸஸுக்குப் பொதுவாக 60.1. பெரிய துளையுள்ள றிம்மைப் பூட்டினால் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போடவேண்டும். அந்த வளையம் இல்லையென்றால் சில்லு நடு மையத்தில் உட்காராது. பலன்ஸ் இயந்திரத்தில் சரியாகக் காட்டும், வீதியில் நடுங்கும். நாலு தடவை பலன்ஸ் செய்தும் சரிவராத கார்களில் இதைப் பார்க்காமலே விட்டிருப்பார்கள்.

போல்ற்றும் அப்படித்தான். பென்ஸின் அசல் போல்ற்றுக்கு அடிப்பக்கம் பந்துபோல் உருண்டது, பிஎம்டபிள்யூவினுடையது கூம்பு வடிவம். மாற்றிப் போட்டால் முழுதாகப் பதியாது. இது நடுக்கத்தோடு நிற்கும் விடயமல்ல, சில்லு கழன்று போகக்கூடிய ஆபத்து. அதோடு இங்கே வீதியில் கொட்டும் உப்பு ஹப்பின் முகத்தில் துருவைப் பொருக்காக வளர்க்கும். அந்தப் பொருக்கின்மேல் றிம்மை இறுக்கினால் சில்லு சாய்ந்தே நிற்கும். கம்பித் தூரிகையால் துருவைச் சுரண்டித் துடைத்துவிட்டுப் பூட்டச் சொல்லுங்கள். ஐந்து நிமிட வேலைதான், ஆனால் ஏப்ரல், நவம்பர் நெரிசலில் பல இடங்களில் யாரும் செய்வதில்லை.

பிறேக் மிதிக்கும்போது மட்டும் ஸ்ரியறிங் உதறுகிறதென்றால் சந்தேகம் பிறேக் தட்டுக்குப் போகவேண்டும். தட்டு சூட்டில் வளைந்துவிட்டது என்பார்கள். பெரும்பாலும் நடப்பது வேறு. தட்டின் தடிப்பு ஓரிடத்தில் ஒரு மில்லிமீற்றரில் ஐம்பதில் ஒரு பங்கு வித்தியாசப்பட்டாலே கைக்குத் தெரியும். பிறேக் கட்டையின் படிவு சீரில்லாமல் ஒட்டுவதாலும், துருப்பிடித்த ஹப்பில் தட்டைச் சாய்வாகப் பூட்டுவதாலும் அந்த வித்தியாசம் உருவாகிறது. ஹப்பைத் துடைக்காமல் புதுத்தட்டுப் போட்டால் சில ஆயிரம் கிலோமீற்றரில் அதே நடுக்கம் திரும்பி வரும்.

பலன்ஸ், ஹப், வளையம், பிறேக் எல்லாம் சரி, ஆனாலும் நடுங்குகிறதா? அப்போது ‘றோட் ஃபோர்ஸ்’ பலன்ஸ் செய்யுமிடத்தைத் தேடுங்கள். ஹன்ரர் நிறுவனத்தின் இந்த இயந்திரம் ஒரு உருளையால் சுழலும் ரயரை அழுத்தி, வீதியில் பாரம் ஏறும்போது ரயர் எங்கே இறுக்கமாக, எங்கே இளக்கமாக இருக்கிறது என்று அளக்கும். எடை சரியாக இருந்தும் உருண்டையாக ஓடாத ரயர் இதில் அகப்படும். ரயரின் மேடான இடத்தை றிம்மின் தாழ்வான இடத்தோடு பொருத்திப் பூட்டினாலே பல தடவை நோய் தீர்ந்துவிடும். சாதாரண பலன்ஸைவிடக் கட்டணம் கூட, ஆனால் குருட்டாம்போக்கில் மாற்றும் ஒரு பாகத்தின் விலையைவிட மிகக் குறைவு.

சஸ்பென்ஷன் ஆர்ம்களின் இறப்பர் புஷ்களைக் கடைசியாகப் பார்க்கலாம். பிஎம்டபிள்யூவின் ஈ39 ஐந்தாம் வரிசையிலும், லெக்ஸஸ் எல்எஸ் 460இலும் முன்பக்கப் புஷ் தேய்வது பேர்போன கதை. ஆனால் புஷ் பெரும்பாலும் நடுக்கத்தை உண்டாக்குவதில்லை, சில்லிலோ தட்டிலோ பிறக்கும் நடுக்கத்தை அடக்கமுடியாமல் கைக்கு அனுப்புகிறது. தேய்ந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும், அது உறுதியான பின்பு. அலைன்மன்ற் பற்றியும் ஒரு வார்த்தை. அது கார் ஒரு பக்கம் இழுப்பதையும் ரயர் ஒருபுறமாகத் தேய்வதையும் சரிசெய்யும். நடுக்கத்துக்கு அது மருந்தல்ல.

வேகம் கூட்டும்போது மட்டும் குலுங்கி, காலை எடுத்ததும் நின்றால் சில்லுக்குச் சக்தி கொண்டுபோகும் தண்டின் மூட்டைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ரயரின் பக்கவாட்டில் புடைப்பு இருந்தால், அல்லது நடுக்கம் ஒரே நாளில் பலமடங்கு கூடினால், நெடுஞ்சாலையில் ஏறவேண்டாம். சில்லு கழற்றிப் பூட்டிய பின் 50 முதல் 100 கிலோமீற்றர் ஓடியதும் போல்ற்றுகளை மீண்டும் இறுக்கிப் பார்ப்பது கட்டாயம்.

செலவு பற்றி ஒன்ராறியோச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. எழுத்தில் மதிப்பீடு கேட்கலாம், அதைவிட 10 வீதத்துக்கு மேல் கூட்டி அறவிட முடியாது. கழற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேட்கலாம். மாற்றிய பாகத்துக்கும் அதற்கான கூலிக்கும் குறைந்தது 90 நாட்கள் அல்லது 5,000 கிலோமீற்றர், இதில் எது முதலில் முடிகிறதோ அதுவரை உத்தரவாதம் உண்டு. புதுக்காரில் நடுக்கம் தீராமல் டீலரோடு இழுபடுபவர்கள் காம்வாப் என்ற நடுவர் திட்டத்தை நாடலாம். நுகர்வோருக்குக் கட்டணமில்லை. எல்லா உற்பத்தியாளரும் அதில் சேரவில்லை என்பதால் முதலில் உங்கள் காரின் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீதிக் குழியில் றிம் வளைந்தால் உடனே படம் எடுத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். அந்த வீதி ஸ்ரௌவ்வில் நகரசபையினுடையதா, யோர்க் பிராந்தியத்தினுடையதா என்று விசாரியுங்கள். 404 மாகாணத்தினுடையது. நகரசபை வீதியோ பிராந்திய வீதியோ என்றால், நட்டஈடு கேட்கும் எழுத்துமூல அறிவித்தல் 10 நாட்களுக்குள் போய்ச் சேரவேண்டும்.