வளரும் போக்குவரத்து நிறுவனமும் கணிப்பொறி ஏற்பாடும்

மும்பை நகரின் தாதர் ரயில் நிலையத்தில் மேற்கு ரயில்வேயும் மத்திய ரயில்வேயும் சந்திக்கின்றன. நெடுங்காலமாக இவ்விரண்டும் தத்தம் மேடைகளுக்குத் தனித்தனியே ஒன்று முதல் எண்ணிட்டு வந்தன. ஆகையால் 'முதலாம் எண் மேடை' என்றால், எந்த ரயில்வேயின் மேடை என்று மறுபடியும் கேட்க வேண்டியிருந்தது. 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் முதல் மேற்கு ரயில்வேயின் மேடைகள் 1 முதல் 7 வரையிலும், மத்திய ரயில்வேயின் மேடைகள் 8 முதல் 14 வரையிலும் ஒரே தொடராக எண்ணப்படுகின்றன. ஐயம் எழுந்தால் மனிதன் கேட்டுத் தெளிவான். கணிப்பொறியோ தனக்குக் கொடுத்த எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளும்.

தாதரில் அலுவலகமும், பிவண்டியில் கிடங்கும், சென்னையில் கிளையும் உடைய ஒரு லாரிப் போக்குவரத்து நிறுவனத்தை உதாரணமாகக் கொள்வோம். சரக்குப் பதிவு, லாரி ரசீது, கிடங்கு இருப்பு, வாடகை வசூல் ஆகியவை தனித்தனிப் பேரேடுகளில் இருந்தன. தொழில் பெருகவே, இவை யாவற்றையும் ஒரே மென்பொருளில் இணைக்க விரும்புகின்றனர். ஓரிடத்தில் பதிந்த விவரம் எல்லா இடங்களுக்கும் உடனே எட்டுவது இதன் நன்மை. ஓரிடத்தில் நேர்ந்த பிழையும் அவ்வாறே எங்கும் பரவும் என்பது இதன் அபாயம்.

முதலாவது அபாயம் பழைய விவரங்களில் உள்ளது. ஒரே வாடிக்கையாளர் தாதரில் ஒரு பெயராலும் சென்னையில் வேறொரு பெயராலும் பதியப்பட்டிருந்தால், அவர் கணக்கு இரண்டாகப் பிரியும். ஆதலால் ஒரு பொருளுக்கு ஒரே குறியீடு என்னும் விதியை முதலில் நிலைநாட்ட வேண்டும்.

இரண்டாவது, காலமறியாமல் தொடங்குவது. அமெரிக்காவின் ஹெர்ஷி மிட்டாய் நிறுவனம் 1999-இல் மூன்று புதிய மென்பொருள்களை ஏறத்தாழ ஒரே சமயத்தில், பண்டிகை விற்பனைக்குச் சற்று முன்னர் புகுத்தியது. கிடங்கில் சரக்கு இருந்தும், சுமார் 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அதனால் உரிய காலத்தில் அனுப்ப இயலவில்லை. நம் நாட்டில் தீபாவளிக்கு முந்தைய வாரங்கள் இத்தகைய மாற்றத்திற்கு உகந்தவை அல்ல.

இதற்கு மாறான முறையை இந்திய ரயில்வேயின் பயணச்சீட்டு முன்பதிவில் காணலாம். கணிப்பொறி முன்பதிவு 1985-இல் டில்லியில் தொடங்கி, பின்னர் மற்றப் பெருநகரங்களுக்குப் பரவியது. இம்மையங்களை ஒன்றோடொன்று இணைப்பதற்கான 'கான்செர்ட்' என்னும் மென்பொருள் 1994-இல் முதலில் செகந்திராபாத்தில் மட்டும் நிறுவப்பட்டது. டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-இல் இணைந்து முடிந்தன. ஓரிடத்தில் கற்ற பாடம் அடுத்த இடத்திற்குப் பயன்பட்டது.

மூன்றாவது, தவறெனத் தெரிந்தும் தொடர்வது. சரக்கு அனுப்பும் தொழிலில் உலகப் புகழ்பெற்ற டி.ஹெச்.எல். குழுமம், உலகெங்கும் பரப்பக் கருதிய புதிய மென்பொருள் திட்டத்தில் முடங்கிய 34.5 கோடி யூரோவை 2015-இல் நஷ்டமாக எழுதித் தள்ளிவிட்டுப் படிப்படியான மாற்றத்தை மேற்கொண்டது. எந்நிலை நேர்ந்தால் பழைய முறைக்குத் திரும்புவது என்பதைத் தொடங்குமுன்பே எழுத்தில் வரையறுத்துக்கொள்வது நலம்.

நான்காவது அபாயம், ஊழியரைக் கலந்துகொள்ளாமை. மழையில் நனைந்த மூட்டை, பாதி இறங்கிய லாரி, விலாசம் மாறிய பார்சல் முதலியவற்றைக் கிடங்கு எழுத்தரே நன்கு அறிவார். இவற்றைப் பதிய மென்பொருளில் இடமில்லையெனில், அவர் தமக்கென ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்வார். அன்றே கணிப்பொறிக் கணக்கு மெய்யினின்றும் விலகத் தொடங்கும். எனவே அவருக்குப் பயிற்சி அளிப்பதற்கு முன்பே அவரிடம் கேட்டறிதல் அவசியம். சிறிது காலம் பழைய பேரேட்டையும் உடன் எழுதி, நாள்தோறும் இருப்பை ஒப்பிட்டு, வேறுபாடு அற்ற பிறகே அதனைக் கைவிடலாம்.

வெளிக்கள ஊழியர்கள் தாம் காணும் சிறு முரண்பாடுகளை அன்றன்றே தெரிவிப்பது பெருநஷ்டத்தைத் தவிர்க்கும். ஆசிரியர்கள் இத்தத்துவத்தை வகுப்பறையிலேயே விளக்கலாம். இரு மாணவருக்கு ஒரே வருகை எண்ணைக் கொடுத்து, மதிப்பெண்களை எண்ணின்படி மட்டும் பதியச் செய்தால், குறியீட்டின் இன்றியமையாமை தானே விளங்கும்.