ஒரே டி.வி.யில் படமும் விளையாட்டும்

தில்லிக் குளிருக்கு முன் நாற்பதாயிரம் ரூபாய்க்குள் டி.வி. வாங்க எண்ணும் அன்பர்களுக்கு என் அனுபவம் உதவலாம். எனக்குப் பழைய படம், மகனுக்கு வீடியோ கேம். மூன்று கடை ஏறி இறங்கினேன்.

சினிமா நொடிக்கு 24 பிரேம்தான். அதற்கு வேகத்தைவிட ஆழ்ந்த கறுப்பு முக்கியம். 1954-இல் வந்த 'அந்த நாள்' படத்தைப் பென் டிரைவில் கொண்டுபோய்ப் போடச் சொன்னேன். வி.ஏ. வகைத் திரையில் இருட்டு இருட்டாகவே இருந்தது, ஐ.பி.எஸ். திரையில் சாம்பல் பூத்தது. ஆனால் பக்கவாட்டில் உட்காருபவர்களுக்கு ஐ.பி.எஸ்.தான் தெளிவு.

விளையாட்டுக்கோ வேகமே உயிர். விளம்பரத்தில் '120' என்று கொட்டை எழுத்தில் இருந்தாலும் திரை 60 ஹெர்ட்ஸாக இருக்கலாம்; 'பேனல் ரெஃப்ரெஷ் ரேட்' என்ன என்று கேளுங்கள். 'கேம் மோட்' போட்டால் பொத்தானை அழுத்துவதற்கும் திரை அசைவதற்கும் உள்ள தாமதம் குறையும். படம் பார்க்கும்போது 'மோஷன் ஸ்மூத்திங்'கை அணையுங்கள். இல்லாவிட்டால் சினிமா சீரியல் போலாகிவிடும். இவற்றுக்குக் காசு இல்லை.

எங்கள் வீட்டு பி.எஸ்.4 டி.வி.க்கு நொடிக்கு 60 பிரேமுக்கு மேல் அனுப்பாது. ஆகவே 60 ஹெர்ட்ஸ் வி.ஏ. திரையே வாங்கினேன். மிச்சப் பணம் மகளின் பரீட்சைக் கட்டணத்துக்கு ஆயிற்று. மகனும் மறுக்கவில்லை.