சிறைக்குள்ளும் மானம் உண்டு

“அடிக்கவில்லை, ஏசவும் இல்லை என்றால் அது எப்படி அக்கா வழக்காகும்?” அடிப்படை உரிமைகள் பற்றிப் பேச எங்கள் ஊர் மாதர் சங்கத்துக்குப் போனபோது ஒரு சகோதரி கேட்டார். அங்கே நான் சொன்ன வழக்கை உங்களுக்கும் சொல்கிறேன்.

இங்கிலாந்தில் 1995 ஜனவரியில் நடந்தது அது. கர்ப்பிணித் தாய்மார் பாவித்த தலிடோமைட் மருந்தினால் அவயவக் குறைபாட்டோடு பிறந்த பிள்ளைகளைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அவர்களில் ஒருவர் பிரைஸ் என்ற பெண். கைகால் நான்கிலும் குறைபாடு. சிறுநீரகக் கோளாறு வேறு. கடன் வழக்கொன்றில் தமது பண நிலைமை பற்றிய கேள்விகளுக்குப் பதில் சொல்ல மறுத்தார். நீதிமன்ற அவமதிப்பு என்று ஏழு நாள் சிறை விதிக்கப்பட்டது.

முதலிரவு லிங்கன் பொலிஸ் நிலையத்துச் சிறைக்கூட்டில். அங்கிருந்த கட்டிலில் அவரால் படுக்க முடியவில்லை. சக்கர நாற்காலியிலேயே இரவைக் கழித்தார். விளக்குச் சுவிட்சும் அவசர மணியும் அவருக்கு எட்டாது. மலசலகூடமும் அவர் பாவிக்கக்கூடியதல்ல. உடம்பு விறைக்கும் குளிர். பார்க்க வந்த வைத்தியர், கூடு மிகவும் குளிராக இருக்கிறது, வசதிகள் இவருக்கு ஏற்றவையல்ல என்று குறித்து வைத்தார். குறித்ததோடு சரி, இடம் மாற்ற எவரும் முன்வரவில்லை. மறுநாள் வேக்ஃபீல்ட் சிறைச்சாலையின் மருத்துவப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே கட்டில் பரவாயில்லை. ஆனால் மலசலகூடத் தேவைக்கு ஆண் உத்தியோகத்தர்களின் உதவியை ஏற்கவேண்டி வந்தது. அந்த வேதனையை நான் உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

தண்டனைக் கழிவு போக, உள்ளே இருந்தது மூன்று இரவுகளும் நான்கு நாட்களும்தான்.

ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் 2001 ஜூலை 10இல் தீர்ப்பளித்தது. இவரை இழிவுபடுத்தும் நோக்கம் எவருக்கும் இருந்ததாகச் சான்றில்லை என்று நீதிமன்றமே ஏற்றுக்கொண்டது. ஆயினும் கடும் அங்கவீனமுள்ள ஒருவரை ஆபத்தான குளிரில், படுக்கவும் சுத்தமாக இருக்கவும் வழியின்றி அடைத்து வைத்தது இழிவான நடத்துகையே என்றது. ஐரோப்பிய மனித உரிமைகள் சமவாயத்தின் 3ஆம் உறுப்புரை மீறப்பட்டிருந்தது. நட்டஈடு 4,500 பவுண். பெரிய தொகையல்ல. எனக்கு முக்கியமாகப்படுவது வேறு. இவரை வைத்திருக்கத் தகுந்த இடம் உண்டா என்று தண்டனை விதித்த நீதிபதி முன்கூட்டியே விசாரிக்காததையும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. எல்லாக் கைதிகளையும் ஒரே மாதிரித்தானே நடத்துகிறோம் என்ற சாட்டு இங்கே எடுபடாது. கர்ப்பிணிகளுக்கும் இது பொருந்தும். பிரசவ வேளையில் கைதிக்கு விலங்கிடக் கூடாது என்கின்றன 2010இல் ஐக்கிய நாடுகள் சபை ஏற்ற பாங்கொக் விதிகள்.

நமது நாட்டுக்கு ஐரோப்பியத் தீர்ப்பு கட்டளையல்ல. ஆனால் 1978ஆம் ஆண்டு யாப்பின் 11ஆம் உறுப்புரை சித்திரவதையோடு இழிவான நடத்துகையையும் தடுக்கிறது. அவசரகாலத்திலும் அதைக் கட்டுப்படுத்த யாப்பு இடம் வைக்கவில்லை. மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய வேண்டும். உள்ளே இருப்பவருக்காகச் சட்டத்தரணியும் செய்யலாம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆகவே வீட்டார் முறைப்பாட்டின் பிரதியையும் திகதியையும் பத்திரமாக வைத்திருங்கள்.