உங்களுக்குத் தெரியுமா? சாரணியர் வந்த பாதை

அழையா விருந்தாளிகள்

சாரணர் இயக்கத்துக்குப் பெண் பிள்ளைகளை யாரும் வெற்றிலை பாக்கு வைத்து அழைக்கவில்லை. 1907-ல் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில், இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் நடத்திய முதல் முகாமில் இருந்த சுமார் 20 பேரும் பையன்கள். மறு ஆண்டு அவர் வெளியிட்ட புத்தகத்தின் தலைப்பிலேயே ‘சிறுவர்களுக்கு’ என்று இருந்தது. அதைச் சிறுமிகளும் வாங்கிப் படித்தார்கள், தாங்களாகவே குழு சேர்ந்தார்கள். 1909 செப்டம்பர் 4-ம் தேதி லண்டன் கிரிஸ்டல் பேலஸில் சாரணச் சிறுவர்கள் சுமார் 11,000 பேர் திரண்டபோது, தொப்பியும் கழுத்துத் துணியுமாகச் சில சிறுமிகளும் வந்து நின்றார்கள். ‘நாங்களும் சாரணர்கள்தான்’ என்பது அவர்கள் கட்சி. அதற்குள் ஆயிரக்கணக்கான சிறுமிகள் பெயரைப் பதிவு செய்தும் முடித்திருந்தார்கள். முழுப் பெயர் எழுதினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்று இனிஷியல் மட்டும் போட்டு விண்ணப்பித்த கெட்டிக்காரிகளும் உண்டு.

காட்டுப்பூனை போய் ரோஜா வந்தது

பெண் பிள்ளைகள் காடு மேடெல்லாம் ஓடினால் என்ன ஆகும் என்று அன்றைய பத்திரிகைகளில் ஒரே கவலை. பேடன் பவல் ஒரு நடுவழி கண்டுபிடித்தார். 1910-ல் பெண்களுக்குத் தனி அமைப்பு, அதை நடத்தத் தங்கை ஆக்னஸ். அந்த அமைப்புக்கு வைத்த ‘கைடு’ என்ற பெயர் நம் பக்கத்திலிருந்தே போனது. வடமேற்கு எல்லையில் பிரிட்டிஷ் இந்திய ராணுவத்துக்கு ‘கார்ப்ஸ் ஆஃப் கைட்ஸ்’ என்று ஒரு படை இருந்தது. 1846-ல் பெஷாவரில் தொடங்கிய படை. காக்கிச் சீருடையை முதலில் உடுத்தியதும் அதுதான். அந்தப் பெயரையே சிறுமிகளுக்குக் கொடுத்தார்.

பெயர் ராணுவத்துடையது, அணிகளுக்கு மட்டும் பூக்களின் பெயர். பையன்களின் அணிகளுக்கு விலங்கு, பறவைப் பெயர்கள். சிறுமிகளும் முதலில் அப்படித்தான் வைத்துக்கொண்டிருந்தார்கள், பிறகு மாற்றிக்கொள்ளச் சொன்னார்கள். நூறாண்டு தாண்டியும் சாரணர் பக்கம் புலி, சிங்கம், சாரணியர் பக்கம் ரோஜா, தாமரை. இந்த ஏற்பாட்டில் எனக்கு உடன்பாடில்லை. அணிக்கு என்ன பெயர் என்பதை அந்த அணிப் பிள்ளைகளே முடிவு செய்யட்டுமே!

நம் பையன்களுக்கும் கதவு சாத்தித்தான் இருந்தது

இந்தியாவின் முதல் சாரணர் படை 1909-ல் பெங்களூரில் கேப்டன் பேக்கர் தொடங்கியது. ஐரோப்பியப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும் மட்டுமே அதில் இடம். 1911-ல் ஜபல்பூரில் டாக்டர் கல்லன் முதல் கைடு குழுவைத் தொடங்கினார். இந்தியப் பையன்கள் விண்ணப்பித்தால் ‘இல்லை’ என்றே பதில் வந்தது. சாரணர் பயிற்சி பெற்ற இந்தியன் நாளைக்கு ராஜத் துரோகியாகிவிட்டால் என்ன செய்வது என்ற பயம் வெள்ளைக்கார அரசுக்கு.

சரி, நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று கிளம்பியது சென்னைதான். அடையாறு பிரம்மஞான சபையிலிருந்து அன்னி பெசன்ட், தம் சகா ஜி. எஸ். அருண்டேலைத் துணைக்கு வைத்துக்கொண்டு 1916-ல் இந்தியச் சிறுவர் சாரணர் சங்கம் கண்டார். பிள்ளைகள் தலையில் தலைப்பாகை கட்டினார்கள், இந்தியப் பாட்டுப் பாடினார்கள். வடக்கே மதன் மோகன் மாளவியாவும் ஹிருதயநாத் குன்ஸ்ருவும் சேவா சமிதி சாரணர் சங்கத்தை வளர்த்தார்கள். பேடன் பவல் 1921-ல் இந்தியா வந்த பிறகே கெடுபிடி தளர்ந்து, பெசன்ட் அம்மையாரின் சங்கம் தாய் அமைப்போடு சேர்ந்தது.

இந்தியச் சிறுவர்களுக்காக அவ்வளவு சண்டை போட்டவர் ஒரு பெண். சங்கத்தின் பெயரில் மட்டும் ‘சிறுவர்’.

இலங்கையில் இடைவெளி குறைவு. 1912-ல் மாத்தளையில் சாரணர் படை, 1917-ல் கண்டியில் பெண் சாரணியம்.

அமெரிக்காவுக்கு 68 ஆண்டு முன்னால்

சுதந்திரத்துக்குப் பிறகு ஆளுக்கொரு சங்கமாகப் பிரிந்து கிடந்த சாரணர்கள் 1950 நவம்பர் 7-ம் தேதி ஒரே அமைப்பானார்கள். 1951 ஆகஸ்ட் 15-ல் கைடுகள் சங்கமும் அதில் வந்து இணைந்தது. அதுதான் இன்றைய பாரத சாரண சாரணியர் இயக்கம். தலைமை அலுவலகம் ஒன்று, உறுதிமொழி ஒன்று, ஆனால் பையன்களுக்குத் தனிப் படை, பெண்களுக்குத் தனிப் படை. சின்னப் பிள்ளைகளில் குருளையர், நீலப் பறவையர். அடுத்து சாரணர், சாரணியர். அதற்கும் மேலே திரிசாரணர், திரிசாரணியர்.

அமெரிக்காவில் இதே விஷயம் ஊரைக் கூட்டிய சண்டையானது. ‘பாய் ஸ்கவுட்ஸ் ஆஃப் அமெரிக்கா’ 2017 அக்டோபரில் சிறுமிகளையும் சேர்ப்போம் என்று அறிவித்தது. முதலில் கோபப்பட்டது யார் தெரியுமா? 1912 முதல் பெண்களுக்கென்றே இருக்கும் ‘கேர்ள் ஸ்கவுட்ஸ்’ அமைப்பு. எங்கள் பிள்ளைகளை இழுக்கிறீர்கள், பெயரையும் குழப்புகிறீர்கள் என்று 2018-ல் வழக்கே போட்டது. 2022 ஏப்ரலில் தீர்ப்பு அந்த அமைப்புக்கு எதிராகப் போனது. இதற்கிடையில் 2019 பிப்ரவரி முதல் 11 வயதுக்கு மேற்பட்ட சிறுமிகள் சேர்ந்தார்கள். 2021-ல் ஏறக்குறைய 1,000 சிறுமிகள் அங்கே உச்சமான ‘ஈகிள்’ தகுதியைப் பெற்றார்கள். 2025 பிப்ரவரி 8-ல் பெயரே ‘ஸ்கவுட்டிங் அமெரிக்கா’ என்று மாறிப்போனது.

2019-ல் அவர்கள் வகுத்த ஏற்பாடு என்ன? ஒரே அமைப்பு, பையன்களுக்குத் தனிப் படை, பெண்களுக்குத் தனிப் படை. நம் வீட்டுப் பழைய சட்டமேதான். பிரிட்டன் வேறு வழியில் போனது. 1976-ல் பெரிய பிள்ளைகள் பிரிவில் பெண்களைச் சேர்த்து, 1991-ல் எல்லாப் பிரிவுகளுக்கும் விருப்பம்போல் அனுமதி தந்து, 2007 முதல் எல்லாக் குழுக்களும் சேர்த்தே ஆக வேண்டும் என்றாக்கியது. அதே நாட்டில் பெண்களுக்கு மட்டுமான கைடு அமைப்பும் நடக்கிறது. பெண் பிள்ளைகள் தங்களுக்குள் கூச்சமில்லாமல் பேசவும் தலைமை ஏற்கவும் தனி இடம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் நியாயம் இருக்கிறது.

தலைமை நாற்காலியில் ஒரு பெண்

லட்சுமி மஜும்தார் 1964 முதல் 1983 வரை பாரத சாரண சாரணியர் இயக்கத்தின் தேசிய ஆணையராக இருந்தவர். பையன்களின் படைகளும் அவர் பொறுப்பில்தான். உலகச் சாரணர் இயக்கத்தின் மிக உயர்ந்த ‘வெண்கல ஓநாய்’ விருது 1969-ல் அவரைத் தேடி வந்தது. உலகப் பெண் சாரணியர் அமைப்பு நாடு நாடாக நடத்தும் மையங்களில் ஒன்று புனேயில் 1966-ல் திறந்த ‘சங்கம்’. எழுத்துக்கூட்டிப் பார்க்கக்கூட வேண்டாம், நம் சொல்தான்.

முடிச்சு நம் ஊருடையது

இனி நெசவு ஊரான நம் காஞ்சிக்கு வருவோம். சாரணர் பாடத்தில் ‘ஷீட் பெண்ட்’ என்று ஒரு முடிச்சு உண்டு. தடிமன் வேறுவேறான இரண்டு கயிறுகளை இணைக்கப் போடுவது. தடித்த கயிற்றின் நுனியைக் கொக்கி மாதிரி மடித்துப் பிடி. மெல்லிய கயிற்றை அந்த வளைவுக்குள் கீழிருந்து மேலாக நுழை. கொக்கியின் இரண்டு கால்களையும் பின்பக்கமாகச் சுற்றி வந்து, தன் கயிற்றுக்கு அடியிலேயே செருகி இழு. இழுக்க இழுக்க இறுகும், வேலை முடிந்ததும் சட்டென்று அவிழும். உலகெங்கும் நெசவாளர்கள் அறுந்த இழையை இணைக்கப் போடும் முடிச்சும் இதுவும் அமைப்பில் ஒன்றே. ஆங்கிலத்தில் அதற்கு இன்னொரு பெயரே நெசவாளி முடிச்சு.

முகாமில் மற்ற ஊர்ப் பிள்ளைகள் கயிற்றோடு மல்லுக்கட்டும்போது, நெசவுக்குத் தார் சுற்றிப் பழகிய விரலுக்கு இது தண்ணீர் பட்ட பாடு. காஞ்சி நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்துப் பெண்ணிடம் கயிற்றைக் கொடுத்துப் பாருங்கள்.

தறி ஆண் பெண் பார்த்ததில்லை

உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று வரும் கோர்வைச் சேலைக்கு மூன்று நாடா வேண்டும். ஒருவரால் முடியாது. நெசவாளிக்குப் பக்கத்தில் ஓர் உதவியாள் உட்கார்ந்து கரைக்கான நாடாவைத் தள்ள வேண்டும். ஒரு காலத்தில் அந்த உதவியாள் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைதான். பையனா பெண்ணா என்று தறிக்குழி கேட்டதில்லை. பாவு தோய்க்க, தார் சுற்ற, புணைக்க என்று பெண்கள் இல்லாமல் ஒரு சேலையும் தறியை விட்டு இறங்காது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை அணிவகுப்பு, மூன்று நாள் முகாம் என்று வரும்போது மட்டும் ‘பொம்பளைப் பிள்ளையை எப்படி அனுப்புறது?’ வேலைக்கு ஒரு கணக்கு, விளையாட்டுக்கு ஒரு கணக்கு.

ஊரின் தேவையோ வேறு. வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவைக்கு விடியுமுன் தெருவில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் பெண்கள். 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை அத்தி வரதர் எழுந்தருளிய 48 நாளும் நெரிசல் எப்படி இருந்தது என்று இந்த ஊரில் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. மயங்கி விழுந்த ஒரு பாட்டியைத் தாங்கிப் பிடித்து நிழலில் படுக்க வைக்கவும், கைக்குழந்தைக்காரிக்கு வழி விலக்கிவிடவும், கழுத்துத் துணியை முக்கோணமாக மடித்து அடிபட்ட கைக்குத் தூளி கட்டவும் முதலுதவி கற்ற சாரணிப் பெண் எவ்வளவு உதவி! கூட்டத்தில் சேவை செய்வது இந்தியச் சாரணர்களின் ஆரம்ப காலத்துப் பாடம். சேவா சமிதி பெயர் வாங்கியதே கும்பமேளாக்களில்தான்.

சைனிக் பள்ளி வரை

சாரணர்களோடு ஒரே அமைப்புக்குள் 1951-லும் என்.சி.சி.யில் 1949-லும் பெண்கள் வந்துவிட்டார்கள். சீருடையின் மற்ற கதவுகள் மெதுவாகத்தான் திறந்தன. சென்னை பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் 1992 முதல் பெண்கள். உடுமலைப்பேட்டை அருகே அமராவதி நகர் சைனிக் பள்ளி 1962-ல் தொடங்கியது. மற்ற பல சைனிக் பள்ளிகளைப் போல அங்கும் 2021-22 கல்வியாண்டில்தான் மாணவிகள் சேர்ந்தார்கள். கடக்வாஸ்லா தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டி வந்தது. அங்கிருந்து முதல் முறையாக 17 பெண்கள் பயிற்சி முடித்து வெளியேறியது 2025 மே 30.

டீச்சர் இருந்தால்தான் படை

இது பலருக்குத் தெரியாது. சாரணியர் படையை ஒரு பெண்தான் நடத்த வேண்டும், அதுவும் பயிற்சி பெற்றவர். ஆகவே, சட்டத்தில் கதவு 1951 முதல் திறந்திருந்தாலும், உங்கள் மகள் உள்ளே போவது அவள் பள்ளியில் ஓர் ஆசிரியை ஒரு வாரம் வீட்டை விட்டுத் தங்கி அடிப்படைப் பயிற்சி முடித்திருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. வீட்டில் மாமியாருக்கு மருந்து, பிள்ளைக்குப் பரீட்சை, கணவருக்குச் சமையல். சாருக்குக் கிடைக்கிற அந்த ஒரு வாரம் டீச்சருக்கு எளிதில் கிடைப்பதில்லை. இருபாலர் பள்ளியில் சாரணர் படை மட்டும் இருந்து சாரணியர் படை இல்லாமல் போவதன் சூட்சுமம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கிறது.

விதியைத் தளர்த்திவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. கூடாது. 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தனியார் பள்ளி ஒன்றில் நடந்த போலி என்.சி.சி. முகாமில் மாணவிகளுக்கு நேர்ந்த கொடுமையை நாம் மறக்கக் கூடாது. நடத்துபவர் யார், யார் அனுமதித்தது என்று அங்கே முறையாகக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று. பெண் பிள்ளைகளை வீட்டில் பூட்டி வைப்பது இதற்கு மருந்தாகாது. முறையாகப் பதிவான படையும், பொறுப்பில் பயிற்சி பெற்ற பெண்ணும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கும் முகாமும் வேண்டும்.

தமிழ்நாட்டில் இந்த இயக்கம் டீக்கடைப் பேச்சானது 2017 செப்டம்பரில். மாநிலத் தலைவர் பதவிக்கு பா.ஜ.க.வின் எச். ராஜா போட்டியிட்டு, முன்னாள் கல்வித்துறை இயக்குநர் மணியிடம் தோற்ற சமயம் அது. அந்தச் சூட்டில் எந்தப் பள்ளியில் படை இருக்கிறது, எதில் இல்லை என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை. 2025 ஜனவரி 28 முதல் பிப்ரவரி 3 வரை மணப்பாறை சிப்காட் வளாகத்தில் வைர விழாப் பெருந்திரளணி நடந்தது. நாடெங்கிலுமிருந்து வந்த சாரணர்களோடு சாரணியரும் கூடாரம் அடித்துத் தங்கினார்கள். அங்கே போய் வந்த ஒரு பெண் வகுப்பில் இருந்தால், அடுத்த ஆண்டு நாலு பேர் பெயர் கொடுப்பார்கள்.

காஞ்சியிலோ வேறெங்கோ இதைப் படிக்கும் அம்மாக்களுக்கும் அப்பாக்களுக்கும் ஒரு வேலை: அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் எழுந்து, “நம்ம ஸ்கூல்ல சாரணியர் படை இருக்கா? இல்லைன்னா இந்த வருஷம் எந்த டீச்சரைப் பயிற்சிக்கு அனுப்பப் போறீங்க?” என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லிவிட்டு உட்காருங்கள்.