பேசினால் நோய் குணமாகுமா?

கோமதி அம்மன் சன்னிதிக்கு முன்னுள்ள ஸ்ரீசக்கரக் குழியில் மனக்கலக்கம் கொண்டோரை அமரவைத்து வேண்டிக்கொள்வது நம் ஊரின் நெடுநாள் வழக்கம். அங்கே அமர்ந்து எழுந்தபின் மனம் இலேசானதாகக் கூறுவோர் உண்டு. அந்த நம்பிக்கையைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. வேண்டுதலும் சிகிச்சையும் ஒன்றோடொன்று முரண்பட வேண்டியதில்லை. வேண்டுதலையே முழுச் சிகிச்சையாகக் கருதி, மாதக்கணக்கில் நோயை முற்றவிடுவதுதான் எங்களைக் கவலை கொள்ளச் செய்கிறது.

மருத்துவமனைக்கு வந்த பின்னரும் குடும்பத்தாருக்கு ஓர் ஐயம் எழுகிறது. “மாத்திரை எழுதித் தருவார் என்று பார்த்தால், அரை மணி நேரம் பேசிவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்கிறாரே, பேசினால் நோய் போய்விடுமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். “தைரியமாக இரு”, “எதையும் நினைக்காதே” என்று வீட்டில் எல்லோரும் ஏற்கெனவே பேசிப் பார்த்திருப்பார்கள். உளவழிச் சிகிச்சை என்பது அத்தகைய அறிவுரையன்று. அது முறையாகப் பயின்றவர், குறித்த இலக்கோடு, குறித்த அமர்வுகளில் செய்யும் மருத்துவம்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். விசைத்தறிக் கூடத்தில் பணிபுரியும் ஒருவருக்கு ஒருநாள் திடீரென நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது. மாரடைப்பு என்று அஞ்சி ஓடுகிறார். இ.சி.ஜி. உள்ளிட்ட பரிசோதனைகளில் குறையொன்றும் இல்லை. ஆயினும் படபடப்பு மீண்டும் வருகிறது. தறிச் சத்தம் கேட்டாலே அச்சம். பின்னர் வேலைக்கே போவதில்லை. இங்கே உதவுவது எண்ணம், நடத்தை இரண்டையும் சேர்த்துச் சீராக்கும் சிகிச்சை. 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் வகுத்த வழியில் வளர்ந்தது அது. படபடப்பு வரும் கணத்தில் எழும் எண்ணத்தை எழுதிவரச் சொல்வார்கள். மருத்துவர் இதயம் நலமென்று உறுதி செய்தபின், படியேறச் செய்து வேண்டுமென்றே படபடப்பை வரவழைப்பதும் உண்டு. அது தானாகத் தணிவதை அவர் தம் உடலிலேயே காண்கிறார். பிறகு கூடத்தின் வாசல் வரை, அதன்பின் தறியருகே என்று படிப்படியாகத் திரும்புகிறார்.

கையைத் திரும்பத் திரும்பக் கழுவும் எண்ணச் சுழற்சி நோய்க்கும் இதே குடும்பத்தைச் சேர்ந்த ஒரு முறை உண்டு. அழுக்கைத் தொட்டபின் கழுவாமல் பொறுத்திருக்கப் பழக்குவார்கள். தொடக்கத்தில் இது கடினம். நோயாளி அழவும் கூடும். இரக்கப்பட்டு வீட்டார் தண்ணீர் மொண்டு கொடுத்தால் நோய்க்கே துணைபோனதாகிவிடும். எந்த உதவியை எப்போது குறைப்பது என்பதைச் சிகிச்சையாளரிடம் கேட்டு நடங்கள்.

மனச்சோர்வில் படுக்கையை விட்டு எழாதவரிடம் சிந்தனையைப் பற்றிப் பேசுவதைவிடச் செயலில் தொடங்குவது எளிது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு நோயாளிகளிடம் இதைச் சோதித்தார்கள். மருத்துவப் பட்டமில்லாத, பயிற்சி மட்டும் பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஆறு முதல் எட்டு அமர்வுகள் நடத்தினர். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிட இவர்களிடம் நோய் தணிந்தோர் அதிகம் என்று 2017இல் ‘லான்செட்’ இதழில் முடிவு வெளியாயிற்று. குளிப்பது, தெருமுனை வரை நடப்பது, ஒரு முழம் பூ கட்டுவது என எதிலிருந்தும் தொடங்கலாம். மனம் வந்தபின் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். செய்யச் செய்ய மனம் வரும்.

உறவுச் சிக்கல்களையும் இழப்புத் துயரையும் மையமாகக் கொண்ட முறையும், இளமை அனுபவங்களை ஆராயும் நெடுங்கால முறையும் இருக்கின்றன. யாருக்கு எது பொருந்தும் என்பதைச் சிகிச்சையாளரே முடிவு செய்வார்.

குடும்பத்தையே சிகிச்சைக்குள் கொண்டுவந்ததில் நம் நாடு முன்னோடி. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர், வளாகத்தில் கூடாரமிட்டு உறவினரை நோயாளிகளுடன் தங்கச் செய்தார். 1957இல் தொடங்கிய வேலூர் சி.எம்.சி. மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்கும் முறை நிலைபெற்றது. ஓயாத குறைகூறலும் கடுஞ்சொல்லும் நிறைந்த வீட்டுக்குத் திரும்புவோருக்கு மனச்சிதைவு நோய் மீண்டும் தலைதூக்கும் வாய்ப்பு அதிகம் என்பதைப் பிற்கால ஆய்வுகள் காட்டின.

ஆனால், பேச்சு எல்லாவற்றுக்கும் மாற்று அன்று. மனச்சிதைவு, இருதுருவ மனநோய் ஆகியவற்றுக்கு மருந்தே அடிப்படை. உளவழிச் சிகிச்சை அதற்குத் துணை. “இப்போது நன்றாகப் பேசுகிறாரே” என்று மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கட்டிவைப்பதும் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத்தில் நேர்ந்த தீ விபத்தில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தப்ப வழியின்றி மாண்டனர். மனநோயாளியைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. ஒருவர் சாவைப் பற்றிப் பேசினால் அடுத்த அமர்வுக்குக் காத்திராமல் அன்றே அழைத்து வாருங்கள். 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம்.

முதல் அமர்வுக்கு வரும்போது, உட்கொள்ளும் மாத்திரைகள் அனைத்தையும் கையோடு கொண்டு வாருங்கள். ஒரே வீட்டில் வாழும் ஒருவர் உடன் வருவது நல்லது. நோயாளியிடம் சிறிது நேரம் தனியே பேசுவார்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலை தவிர, அங்கே பேசியதை அவர் இசைவின்றி உங்களிடம் கூறமாட்டார்கள். வீடு திரும்பும் வழியில் பேருந்திலேயே “என்ன கேட்டார்கள், என்ன சொன்னாய்?” என்று துளைக்காதீர்கள். அவராகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்த அமர்வுக்கான நாளை மட்டும் மறவாமல் குறித்து வையுங்கள்.